ஒன்றுமில்லாத அறை

கி.மு. 63. மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு எருசலேம் ஆலயம் ரோமர் கையில் விழுந்தது. தளபதி பொம்பேயுஸ் உள்ளே நடந்தான். முற்றங்களைக் கடந்தான். பொன் விளக்குத்தண்டும் மேசையும் இருந்த கூடத்தைக் கடந்தான். கடைசித் திரையையும் தாண்டி உள்ளறையில் கால் வைத்தான். ஆண்டுக்கு ஒரே நாளில், பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் நுழையும் அறை அது. எத்தனையோ நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அங்கே ஓர் உருவத்தைத் தேடியிருக்கும். அந்த அறையில் ஒன்றும் இல்லை.

பின்னாளில் இதை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், யூதர்களின் கருவறை வெறுமையானது என்பது அன்றுமுதல் ஊரறிந்த செய்தியாயிற்று என்கிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் வேறொரு விவரத்தையும் சொல்கிறார். ஆலயக் கருவூலத்தில் 2,000 தாலந்து இருந்தும் பொம்பேயுஸ் அதில் கை வைக்கவில்லை. மறுநாளே ஆலயத்தைச் சுத்திகரித்துப் பலிகளைத் தொடரும்படி ஆணையிட்டான். பொன்னை விட்டுவைக்க அவனால் முடிந்தது. அறையை விட்டுவைக்கத்தான் முடியவில்லை.

எபிரெய மறைநூல்களில் கடவுளின் பரிசுத்தம் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்த அறைக்குப் போய் நிற்கிறது. அங்கே முன்பு உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. கி.மு. 586இல் பாபிலோனியர் முதல் ஆலயத்தை எரித்தபின் அந்தப் பெட்டி என்றைக்கும் திரும்பவில்லை. இரண்டாம் ஆலயம் எழுந்தபோது பெட்டிக்குப் பதில் வேறொன்றைச் செய்து வைக்க யாரும் துணியவில்லை. தரையிலிருந்து மூன்று விரற்கடை உயரமுள்ள ஒரு கல் மட்டும் அங்கே இருந்தது என்கிறது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அந்த ஒரே நாளான பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியர் வெள்ளைச் சணல்நூல் உடை உடுத்தி, தூபகலசத்தோடு உள்ளே போய், அந்தக் கல்லின்மேல் அதை வைப்பார். அறை புகையால் நிறையும். வந்த வழியே வெளியேறி, வெளிக்கூடத்தில் ஒரு சிறு ஜெபம் சொல்வார். அதை நீட்டக் கூடாது. நேரம் கடந்தால் வெளியே நிற்கும் மக்கள் பதறிப்போவார்கள்.

ஒரு தேசத்தின் பக்தி முழுவதும் ஒரு வெற்றறையைச் சுற்றி நின்றது. பொம்பேயுஸ் ‘இல்லை’ என்று கண்ட இடத்தை அவர்கள் ‘விட்டுவைத்தது’ என்று அறிந்திருந்தார்கள். எபிரெய மறையின் பயபக்தி எல்லாம் இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

*

இப்படி விட்டுவைத்ததற்கு எபிரெயத்தில் உள்ள சொல் ‘கதோஷ்’. நம் பழைய வேதாகமம் அதைப் ‘பரிசுத்தம்’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘தூய’ என்கிறது. இரண்டும் நல்ல சொற்கள்தாம். இரண்டிலும் துவைத்து உலர்த்திய துணியின் வாசம் வீசுகிறது. அழுக்குப் போனால் பரிசுத்தம் வந்துவிடும் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்வது அதனால்தான். லேவியராகமம் இரண்டையும் கவனமாகப் பிரித்து வைக்கிறது. சுத்தத்துக்கு எதிர் அசுத்தம். பரிசுத்தத்துக்கு எதிர் பொதுவானது, அன்றாடப் புழக்கத்தில் இருப்பது. குளித்தால் சுத்தமாகலாம். பரிசுத்தம் அப்படி வருவதில்லை. புழக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, ஒருவருக்கென்று வைத்து, அதன்பின் நம் தேவைக்கு அதைத் தொடாதிருக்கும்போதுதான் அது கதோஷ்.

அந்த வரிசையில் முதலாவது எது? ஆதியாகமத்தில் கடவுள் முதன்முதலில் பரிசுத்தமாக்குவது மலையையோ கல்லையோ மனிதனையோ அன்று, ஒரு நாளை. யூத அறிஞர் ஏபிரகாம் ஜோஷுவா ஹெஷல் 1951இல் வெளியிட்ட ‘சபாத்’ என்ற சிறு நூலில் இதைத்தான் வியந்து வியந்து எழுதினார். ஆறு நாளும் உண்டாக்கியவர் ஏழாம் நாளில் உண்டாக்காமல் விடுகிறார். செய்ய வல்லவர் செய்யாமல் இருந்த அந்த ஓய்வுதான் முதல் பரிசுத்தம். பிறகு மனிதருக்கும் அதே கட்டளை வருகிறது: விதைக்கக்கூடிய நாளில் விதைக்காதே, நெருப்பு மூட்டக்கூடிய நாளில் மூட்டாதே. வேலைக்காரனும் வீட்டில் தங்கும் அந்நியனும் உழவு மாடும் அன்று ஓயட்டும். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் அதே ஓய்வு.

காலத்தில் ஒரு வெற்றறை என்று சபாத்தைச் சொல்லலாம். அதற்குள் நுழைந்து எதையாவது எடுத்து வர நம் கை துடிக்கிறது. எடுக்காமல் இருப்பதே அங்கே தொழுகை.

*

காலத்தில் இருப்பதுபோல மொழியிலும் ஓர் அறை உண்டு. கடவுளின் பெயர் எபிரெயத்தில் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. எபிரெய மறைநூல்களில் அது 6,800 தடவைக்கு மேல் வருகிறது. ஆலயம் இருந்த காலத்தில் ஆசாரியர்கள் மக்களை ஆசீர்வதிக்கும்போது அந்தப் பெயரை எழுதியபடியே உச்சரித்தார்கள். ஆலயத்துக்கு வெளியே வேறொரு பெயரைச் சொன்னார்கள். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியரின் வாயிலிருந்து அந்தப் பெயர் வெளிவரும்போது முற்றத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்தார்கள். பிறகு அந்த உச்சரிப்பே வழக்கொழிந்தது. கண் நான்கு எழுத்தைப் பார்க்கும்; வாய் ‘அதோனாய்’, என் ஆண்டவர், என்று சொல்லும். நூற்றாண்டுகள் கழித்து மறைநூல் பிரதிகளைப் பேணிய திபேரியாவின் மசோரா அறிஞர்கள் உயிர்க்குறிகளை இட்டபோதும் அந்த நான்கு எழுத்துக்கு அதன் சொந்த உயிரொலியைத் தரவில்லை. மற்றச் சொல்லின் குறிகளை இட்டு, ‘இதைப் படிக்காதே, அதைப் படி’ என்று நினைவூட்டி நகர்ந்தார்கள்.

இந்த மௌனம் தமிழ்வரை வந்திருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘கர்த்தர்’. திருவிவிலியத்தில் ‘ஆண்டவர்’. எபிரெயத்தில் அந்த நான்கு எழுத்து நிற்கும் இடங்கள் அவை. யூதர்களின் வாய் சொன்ன ‘அதோனாய்’ கிரேக்கத்தில் ‘கிரியோஸ்’ ஆகி, லத்தீனில் ‘தோமினுஸ்’ ஆகி, ஐரோப்பிய மொழிகள் வழியே தமிழில் கர்த்தர் ஆயிற்று. மாலை ஜெபத்தில் அந்தச் சொல்லை வாசிக்கும் ஒரு பாட்டி, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் ஒரு தயக்கத்தைத் தன் குரலில் ஏந்திக்கொள்கிறார். அவருக்கு அது தெரியவேண்டியதில்லை. அந்தத் தயக்கம் அவர் குரலில் ஏற்கெனவே மரியாதையாகிவிட்டது.

எழுதும் கைக்கும் இதே தயக்கம் உண்டு. 1947 முதல் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் சிலவற்றில், மற்றச் சொற்கள் எல்லாம் வழக்கமான சதுர எபிரெய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்க, கடவுளின் பெயர் மட்டும் அதற்கும் பழைய தொல்லெழுத்தில் நிற்கிறது. வேறு சில இடங்களில் பெயரே இல்லை. நான்கு புள்ளிகள் மட்டும். எழுதுகோல் அந்த இடத்துக்கு வந்ததும் கை தயங்கியதை அந்தப் புள்ளிகளில் இன்றும் பார்க்கலாம். தோரா சுருள் எழுதும் ‘சோஃபேர்’ இன்றும் பெயரை எழுதுமுன் அதைப் பரிசுத்த நோக்கத்தோடு எழுதுவதாக வாய்விட்டுச் சொல்கிறார். பெயரின் நடுவில் இருக்கும்போது அரசனே வந்து வாழ்த்தினாலும் நிமிர்ந்து பதில் சொல்லக் கூடாது என்பது விதி. வேறு சொல்லில் பிழை வந்தால் சுரண்டித் திருத்தலாம். பெயரைச் சுரண்ட முடியாது. எழுதியபின் அது எழுதியவருக்குச் சொந்தமில்லை. பிழைபட்ட அந்தத் தோல் ஏடு முழுவதையும் எடுத்து வைத்து, பிறகு மண்ணில் அடக்கம் செய்கிறார்கள்.

அப்படி எடுத்து வைக்கும் இடத்துக்கு ‘கெனிஸா’ என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இருந்த கெனிஸா அவற்றுள் பேர்பெற்றது. பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்ற அச்சம் மெல்ல விரிந்து, எபிரெய எழுத்திருந்த எந்தத் தாளையும் தூக்கி எறிய மனமில்லாமல் ஆக்கியது. மறைநூல் ஏடுகளோடு திருமண ஒப்பந்தங்களும் கடன் சீட்டுகளும் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்களும் உள்ளே போயின. 1896–97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் குவியலில் நம் கடல் வணிகக் கடிதங்களும் இருந்தன: 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து தொழில் நடத்திய ஏபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்கள், மிளகும் இரும்பும் பாக்கும் ஏற்றிய கணக்குகள். மலபார்க் கரையின் அந்த நூற்றாண்டு வணிக வாழ்க்கை இவ்வளவு நுணுக்கமாக நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், நான்கு எழுத்தை அழிக்க அஞ்சிய ஒரு சமூகத்தின் கூச்சம். பெயரைக் காக்கப் போனவர்கள் மனிதர்களின் சில்லறைக் கவலைகளையும் சேர்த்துக் காத்துவிட்டார்கள்.

*

இவ்வளவும் சொன்னபின் ஊசாவைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது.

தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவருகிறான். புது வண்டி, மாடுகள், பாட்டு, மேளம். ஒரு களத்தருகே மாடுகள் இடறுகின்றன. பெட்டி சாய்கிறது. வண்டியோடு வந்த ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான். அங்கேயே செத்து விழுகிறான். விழப்போவதைத் தாங்கிய கை அது. நம் வீட்டுப் பிள்ளையின் கையும் அப்படித்தான் நீண்டிருக்கும்.

இந்தக் கதையைச் சமாதானப்படுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைநூலும் சமாதானப்படுத்தவில்லை. தாவீது அங்கே முதலில் கோபப்படுகிறான், பிறகு பயப்படுகிறான். இரண்டையும் நூல் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆரோனின் பிள்ளைகள் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து எரிந்துபோன இடத்திலும் அப்படித்தான். மோசே விளக்கம் சொல்கிறார். தகப்பன் ஆரோன் வாய் திறக்கவில்லை. அந்த விளக்கத்தைவிட ஆரோனின் வாய்மூடலே என்னோடு அதிக நாள் இருந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். பெட்டியைச் செய்யச் சொன்னபோதே அதன் நான்கு மூலையிலும் பொன் வளையங்கள் பொருத்தி, அவற்றில் தண்டுகளைப் பாய்ச்சி வைக்கச் சொல்லப்பட்டது. தண்டுகளை ஒருபோதும் கழற்றக் கூடாது. தோளில் தூக்குகிறவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரத்தை மரத்திலேயே செய்து வைத்தார்கள். பாரம் தோளில் அழுத்தும், கை படாது. வண்டியில் ஏற்றியபோது அந்தத் தூரம் போயிற்று. கடவுளைச் சுமப்பது ஒன்று, கையில் எடுத்துக்கொள்வது வேறு. தாங்கிப் பிடிக்காவிட்டால் கடவுள் விழுந்துவிடுவார் என்று எண்ணும் கைகளை நம் காலத்திலும் பார்க்கிறோம். அவற்றில் ஊசாவின் வெகுளித்தனம்கூட இருப்பதில்லை.

ஊசா இறந்தபின் மூன்று மாதம் பெட்டி எங்கே இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்கிறது கதை. காத் ஊரான் ஓபேத்ஏதோம் வீட்டில். அந்த வீடு ஆசீர்வதிக்கப்பட்டது. கொல்லும் என்று அஞ்சிய பெட்டி ஒரு குடும்பத்தின் கூரையின்கீழ் மூன்று மாதம் அமைதியாக இருந்தது.

*

இந்தக் கட்டுரையில் ‘தனிப்படுத்தல்’, ‘தொடாதிருத்தல்’ என்ற சொற்களை எழுதும்போது என் கை கூசுகிறது. நம் மண்ணில் இந்தச் சொற்கள் செய்த கொடுமை அப்படி. புனிதத்தின் பெயரால் தெருக்களை அடைத்தோம், கிணறுகளை அடைத்தோம், மனிதரைத் தொடாதே என்றோம். தமிழில் பரிசுத்தம் பற்றி எழுதுகிற எவரும் இந்தக் கேள்வியைக் கடந்தாக வேண்டும்: எபிரெய மறையின் பரிசுத்தமும் இதே வேலையைத்தான் செய்கிறதா?

அதிலும் விலக்குகள் உண்டு. தொழுநோயாளி பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மோவாபியர் சபைக்குள் வரக் கூடாது. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த மறையின் நடுவே ஓடும் நீரோட்டம் வேறு திசையில் போகிறது. அதைக் காட்ட உசியா அரசனின் கதையையும் ஏசாயாவின் தரிசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உசியா நல்ல அரசன். வனாந்தரத்தில் கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் வெட்டினான், மண்ணை நேசித்தான் என்கிறது நாளாகமம். பலம் பெருகப் பெருக அவன் மனம் மேட்டிமை கொண்டது. ஒரு நாள் தூபகலசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசாரியர் மட்டும் நிற்கவேண்டிய இடத்துக்குள் நுழைந்தான். ஆசாரியர் 80 பேர் தடுத்தார்கள். அவன் சினந்தபோது நெற்றியில் தொழுநோய் கண்டது. பிரதான ஆசாரியரின் நெற்றியில் ‘பரிசுத்தம்’ என்று பொறித்த பொற்பட்டம் இருக்கும் இடம் அது. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான். இங்கே வெளியே அனுப்பப்பட்டவன் கூலியாள் இல்லை, அந்நியன் இல்லை. நாட்டின் அரசன்.

அவன் இறந்த ஆண்டில் ஏசாயா ஆலயத்தில் தரிசனம் காண்கிறார். ஆறு சிறகுள்ள சேராபீன்கள் இரு சிறகால் முகத்தை மூடுகின்றன, இரு சிறகால் காலை மூடுகின்றன, பறப்பதற்கு மிச்சம் இரண்டே. கதோஷ் என்ற சொல் மூன்று முறை ஒலிக்கிறது. நிலைகள் அசைகின்றன. 1911இல் மொராக்கோவின் மொகதோர் நகரத்துத் தொழுகைக்கூடம் ஒன்றில் அந்த மூன்று முறையையும் கேட்டு குலுங்கிப்போன ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, 1917இல் ‘புனிதம்’ என்ற தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். நடுங்கவும் வைத்து இழுக்கவும் செய்யும் பேரனுபவம் அது என்றார். நம் ‘பயபக்தி’ என்ற ஒரே சொல் அந்த இரண்டையும் தாங்குகிறது. ஓட்டோ சொன்னது உண்மை. ஆனால் ஏசாயாவில் நடுக்கத்தோடு விஷயம் முடிவதில்லை.

அந்தத் தரிசனத்துக்கு முந்தைய அதிகாரத்தைப் படித்தால் தெரியும். அங்கே ஏசாயா யார்மேல் ஐயோ என்கிறார்? வீட்டோடு வீட்டைச் சேர்க்கிறவர்கள்மேல், வயலோடு வயலை இணைத்து, இனி இடமே இல்லை என்னும்வரை வளைத்துப்போட்டுத் தாங்கள் மட்டும் நாட்டில் குடியிருக்க நினைப்பவர்கள்மேல். அதைத் தொடர்ந்தே சொல்கிறார்: பரிசுத்தரான கடவுள் தம் பரிசுத்தத்தைக் காட்டுவது நீதியில். இடம் விடாத நில உடைமையும் இடம் விடாத அரசனின் காலடியும் அந்த ஏடுகளில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் ஒரே பாவம் என்றுதான் நான் படிக்கிறேன். திரைக்குள் நுழையும் காலும் ஏழையின் வரப்பைத் தாண்டும் காலும் ஒன்றே.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்ற பொருளில் அது தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் தூபமும் பலியுமாகத்தான் போகும் என்று எதிர்பார்ப்போம். சில வசனங்களுக்குள் அறுவடை வருகிறது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. திராட்சைத் தோட்டத்தைச் சுரண்டித் தீர்க்காதே. ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே. காது கேளாதவனைத் திட்டாதே. உன் தராசு சரியாக இருக்கட்டும். கடவுள் பரிசுத்தர் என்பதற்கு ஒரு விவசாயி தரும் பதில், அறுக்காமல் விட்ட ஒரு மூலை. ‘பெயா’ என்று அந்த மூலைக்குப் பெயர். அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது மிஷ்னா. அதற்கு மேல் அளவே வைக்கவில்லை.

அந்த மூலை தர்மம் அன்று. நிலக்காரன் அதை அள்ளிக் கொடுத்து நன்றி வாங்கிக்கொள்ள முடியாது. அறுக்காமல் விடுவதோடு அவன் வேலை முடிந்தது. வந்து எடுப்பது ஏழையின் உரிமை. பொம்பேயுஸ் அந்த மூலையைப் பார்த்திருந்தால் விளைச்சலில் ஒரு பங்கு வீண் என்றிருப்பான். அப்படிப்பட்ட ஒரு வயலில்தான் ரூத் என்ற மோவாபியப் பெண் கதிர் பொறுக்கினாள். சபைக்குள் வரக் கூடாது என்று விலக்கப்பட்ட இனத்தவள், நிலக்காரன் போவாஸ் விட்டுவைத்த இடத்தின் வழியே உள்ளே வந்தாள். அவளுடைய கொள்ளுப்பேரன்தான் பெட்டியின்முன் கோபத்தோடும் பயத்தோடும் நின்ற தாவீது. நம் ஊரில் ஒதுக்கம் என்பது மனிதரைத் தள்ளியது. அந்த வயலில் ஒதுக்கம் என்பது உடையவன் தன்னைத் தள்ளிக்கொண்டது. இந்த வேறுபாட்டைத்தான் பரிசுத்தத்தின் உரைகல்லாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கடவுளுக்கு அஞ்சுகிறேன் என்று சொல்பவரின் வேலி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

*

கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படைகள் ஆலயத்தை எரித்தன. அந்த அறை போயிற்று. பிரதான ஆசாரியரின் குரலும் அதில் ஒலித்த பெயரும் போயின.

ஆலயத்தின் அழிவை நினைவுகூர, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் ஒரு சிறு வழக்கத்தைச் சொல்கிறது. வீடு கட்டிச் சுவர்களுக்கெல்லாம் சுண்ணம் பூசு; வாசலுக்கு எதிரே மட்டும் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல் விடு. பக்தியுள்ள யூத வீடுகள் சிலவற்றில் இன்றும் அப்படி விடுகிறார்கள். சுற்றிலும் வழவழப்பான வெள்ளைச் சுவர். நடுவே சொரசொரப்பாக ஒரு சதுரம். புதிதாக வரும் விருந்தாளி, கொத்தனார் வேலையை முடிக்காமல் போய்விட்டார் என்று நினைக்கலாம்.

அந்த வீட்டில் வளரும் குழந்தை ஒரு நாள் அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்து, இங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்கும். அம்மா வேலையை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் அறையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள்.